தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை

ஆய்வுக் கப்பல்,
மார்ச் 6

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் சம்பந்தி ஐயாவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? என் முதுகு அப்படியேதான் இருக்கிறது. கப்பலில் எனக்கு ஒதுக்கிய படுக்கை என்னைவிட நான்கு விரல் குட்டை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். படுக்கையையும் மாற்ற மாட்டேன் என்கிறார்கள், என்னையும் மாற்ற மாட்டேன் என்கிறார்கள்.

தொலைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டுத் தொலைபேசி சம்பந்தி ஐயாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் அல்லவா இருக்கிறது? போன முறை கூப்பிட்டபோது அவர்தான் எடுத்தார். "யாரு, ஜோசியரா? இந்த வாரம் எங்களுக்கு எப்படிங்க இருக்கு?" என்று விசாரித்துவிட்டு, உங்களைக் கூப்பிடாமலே வைத்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. போன வருடம் ஆகஸ்டில், மூச்சில்லாத கெட்ட தண்ணீர் உங்கள் வளைகுடாவுக்குள் ஏறி வரப்போகிறது, கடலில் கூண்டு கட்டி வளர்க்கிற மீனை எடுத்துவிடுங்கள் என்று சொன்னவள் நான்தானே. நீங்களும் என் பேச்சை நம்பிப் பாதி வளர்ந்த மீனை அள்ளி விற்றீர்கள். தண்ணீர் வரவில்லை. வளைகுடாவில் எல்லோருடைய மீனும் கொழுகொழுவென்று வளர்ந்தது, உங்களுடையதைத் தவிர. கல்யாணமாகி நான்கு மாதம்கூட ஆகாத என் மகள் நடுக்கூடத்தில் நின்று எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அதனால் எனக்கு இப்போது ஒரு தடையுத்தரவு. "அம்மா, நீ எங்க வீட்டுக்கு உடம்பைப் பத்தி எழுது, ஊர் வம்பு எழுது. தண்ணியைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை எழுதாதே. நான் இங்க குடித்தனம் பண்ணணும்" என்றாள். வாக்குக் கொடுத்துவிட்டேன். கடலை அளந்து பிழைக்கிறவள் தண்ணீரை விட்டுவிட்டு எதை எழுதுவது? எங்கள் சமையல்காரரைப் பற்றி எழுதுகிறேன். அவரும் இரண்டாம் இன்ஜினியரும் பேசிக்கொள்வதில்லை. சாப்பாட்டு மேசையில் நான் நடுவில் உட்காருகிறேன். "உப்பு கூடுதல்னு அந்த ஆள்கிட்ட சொல்லுங்க மேடம்" என்கிறார் இவர். "உப்பை அளக்கறது மேடம் வேலை, அவர் வேலை இல்லைன்னு சொல்லுங்க" என்கிறார் அவர். நான் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டே சாப்பிடுகிறேன். முதுகுக்கு அடுத்தபடியாக இப்போது கழுத்தும் வலிக்கிறது.

எல்லோருக்கும் என் அன்பு. நேரம் கிடைக்கும்போது பதில் போடுங்கள்.

உங்கள் சம்பந்தி


மீன் பண்ணை,
மார்ச் 19

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம். முழங்காலைக் கேட்டிருந்தீர்கள். வலதில் வலி, அதைத் தாங்கித் தாங்கி நடந்ததில் இடதுக்குப் பொறாமை வந்து அதுவும் வலிக்கிறது. வைத்தியர் உடம்பைக் குறைக்கச் சொன்னார். அவர் என்னைவிடப் பருமன். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் இவர், "என்ன எழுதியிருக்காங்க உன் ஜோசியர்?" என்றார். சமையல்காரர் சண்டையைப் படித்துக் காட்டினேன். சிரித்தார். பிறகு, சிரித்தது தப்பு என்று ஞாபகம் வந்து செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

ஒரு செய்தி. பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து தனியாக நான்கு கூண்டு போட்டிருக்கிறார்கள். எங்களுடைய ஆறு கூண்டுக்கும் அப்பால், ஆழமான பக்கத்தில். அங்கே குளிர்ச்சி, மீன் சீக்கிரம் வளரும் என்கிறான் மகன். உங்கள் மகள் விடிவதற்குள் படகில் ஏறிவிடுகிறாள். தீவனம் போடும்போது மீன்களை அதட்டுகிறாள். "நகரு, நகரு, நீ நேத்தே நிறைய தின்னே" என்று கரை வரை கேட்கிறது. எங்களிடம் வராத குரலெல்லாம் அங்கே வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அவள் ஒன்றைத் தனக்கென்று வைத்துக்கொண்டு இப்படி அலைவதை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆழமான பக்கம் என்று சொன்னேன். சும்மா ஒரு செய்தியாகத்தான் சொன்னேன். நான் உங்களிடம் எதையும் கேட்கவில்லை. நீங்கள் மாதா மாதம் வளைகுடாவின் வாய்வரை கப்பலில் வந்து போகிறீர்களாமே? அங்கே எல்லோரும் சௌக்கியமா? எல்லோரும் என்றால் எல்லோரும்தான்.

உங்கள் வீட்டுக்காரர் இன்னும் தன்னோடு தானே சதுரங்கம் ஆடித் தோற்கிறாரா? அன்பைச் சொல்லவும்.

உங்கள் சம்பந்தி


ஆய்வுக் கூடம்,
மே 11

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். இரண்டு முறை கடலுக்குப் போய் வந்து, நடுவில் ஒரு பல்லையும் பிடுங்கிக்கொண்டேன். வாய் கோணலாக இருக்கிறது. பேசாமல் இருக்க வேண்டிய வருடத்துக்குப் பொருத்தமான வாய். நீங்கள் எப்படி? முழங்கால்கள் சமாதானமாகிவிட்டனவா? என் வீட்டுக்காரர் நேற்று வெள்ளைக் காயை வைத்துக்கொண்டு தோற்றார், முந்தாநாள் கறுப்பில்.

எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டிருந்தீர்கள். வாக்கு வாக்குதான், தண்ணீரைப் பற்றி எழுத மாட்டேன். புட்டிகளைப் பற்றி எழுதலாம் அல்லவா? கண்ணாடிப் புட்டிகள். ஆழத்திலிருந்து விஞ்சுக் கயிற்றில் சுற்றி ஏற்றி வந்ததை அதில் நிரப்புவோம். குமிழி நுழையாமல் நிரப்ப வேண்டும். எங்கள் உதவியாளன் ஒருத்தன் காதலியோடு பேசுகிற மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு நிரப்புவான். பிறகு இரண்டு மருந்துத் துளி. உள்ளே ஆக்சிஜன் இருந்தால் நல்ல திடமான தேநீர் மாதிரி பழுப்பாகும். இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். என் படிப்பு முழுவதும் இவ்வளவுதான். இதற்கு எனக்கு டாக்டர் பட்டம் வேறு கொடுத்தார்கள்.

கடலுக்கு அடியில் போகிற சில பேரைப் பற்றியும் சொல்லலாம். பெயர் சொல்லவில்லை. கடைசியாகக் காற்றைப் பார்த்துப் பல காலமாகி, இருட்டில் எங்கெங்கோ சுற்றி, மேலிருந்து செத்து விழுகிறதையெல்லாம் செரித்துச் செரித்து, தன்னிடம் இருந்த மூச்சையெல்லாம் செலவழித்துவிட்டு வருகிறவர்கள். குளிர்ந்துபோய், உப்பு கூடி, களைத்து. அவர்களுக்குக் கோபமே கிடையாது, சம்பந்தியம்மா. போக இடம் கிடைத்தால் போவார்கள், அவ்வளவுதான். காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து நாலு நாள் தொடர்ந்து வீசினால், மேலே இருப்பதையெல்லாம் வெளியே தள்ளிக்கொண்டு போகும். காலியான இடத்துக்கு இவர்கள் படியேறி வருவார்கள். எனக்கு அவர்களைப் பார்த்தால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு திரும்புகிற என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

இந்த மாதம் தேநீர் திடமாகத்தான் இருந்தது. கொஞ்சம் பால் கூடுதல்.

மகளுக்குத் தெரிய வேண்டாம். எல்லோருக்கும் அன்பு.

உங்கள் சம்பந்தி


மீன் பண்ணை,
ஜூன் 2

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

சுகம். பல் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன். கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். இந்த வயதில் காதல் கடிதம் மாதிரி ஒளித்துப் படிக்க வைத்துவிட்டீர்கள். வெளியே வந்ததும் இவர், "என்ன, இவ்வளவு நேரம்?" என்றார். முழங்காலைக் காட்டினேன். முழங்காலுக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கிறது.

அந்தப் படியேறுகிறவர்களைப் பற்றி நீங்கள் எழுதினது எனக்குப் பிடித்திருந்தது. எழுதினது பிடித்தது, அவர்களைப் பிடிக்கவில்லை.

உங்கள் மகளின் மீன் உள்ளங்கை நீளம் தாண்டிவிட்டது. எங்களுடையதைவிட அதிகம். இவர் தினமும் படகில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "தீவனத்தை வீணடிக்கறாங்க" என்கிறார். பாராட்டுவதாக இருந்தால் இவர் இப்படித்தான் பாராட்டுவார். நானும் முப்பது வருடமாக இப்படியே பாராட்டப்பட்டு வருகிறேன்.

பாலை அளவாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் சம்பந்தி


ஆய்வுக் கூடம்,
ஜூலை 28

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

எல்லோரும் நலம்தானே? நான் நேற்றுத்தான் கரை இறங்கினேன். இன்னும் தரை ஆடுகிறது. வேடிக்கையாக நான்கு வரி எழுதிவிட்டு விஷயத்துக்கு வரலாம் என்று உட்கார்ந்தேன். வேடிக்கை வரவில்லை. வாக்கை மீறுகிறேன்.

வளைகுடாவின் வாயில், ஐம்பது மீட்டருக்குக் கீழே எடுத்த புட்டிகள் எல்லாம் வெள்ளை. ஒன்றுகூட நிறம் மாறவில்லை. போன வருடம் இதே இடத்தில் பாதி மாறியது. காற்று நேற்றிலிருந்து கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிறது.

அது உள்ளே ஏறி வர வாய்ப்பு அறுபது சதவீதம் என்று எங்கள் மாத அறிக்கையில் போட்டிருக்கிறேன். அந்த அறிக்கையை இயக்குநர் படிப்பதில்லை, அவருக்கு மேலே இருப்பவர் கையெழுத்து மட்டும் போடுகிறார், பண்ணைகளுக்குப் போய்ச் சேரும்போது மாதம் முடிந்திருக்கும். நீங்கள் இதைப் படிக்கிற ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீனை விற்க வேண்டாம். போன வருடம் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அது. கூண்டுகளை உள்பக்கக் கரைக்கு, எட்டு மீட்டர் ஆழத்துக்கு இழுத்துக் கட்டினால் போதும். அங்கே அலை அடித்துக் கலக்கிக்கொண்டே இருக்கும், அடித் தண்ணீர் ஏறினாலும் மூச்சு மிஞ்சும். வெயிலில் அந்த இடம் சுடும், மீன் சரியாகத் தின்னாது, எடை நிற்கும். அது எனக்குத் தெரியும். நாற்பது சதவீதம் ஒன்றுமே நடக்காது என்பதும் தெரியும்.

மகளுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. உங்களிடம் விட்டுவிட்டேன். மன்னிக்கவும்.

உங்கள் சம்பந்தி


ஆய்வுக் கூடம்,
ஆகஸ்ட் 14

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நலமா? என் முந்தைய கடிதம் கிடைத்திருக்கும். பதில் வரவில்லை. தபால்காரருக்குக் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாளுக்கு முன் அவரையே பார்த்தேன், நன்றாக விசிலடித்துக்கொண்டு போனார்.

சமையல்காரரும் இன்ஜினியரும் பேசிவிட்டார்கள். எனக்குத் தூது வேலை போய்விட்டது. இரண்டு பேரும் சேர்ந்து என் முதுகைப் பற்றிச் சிரிக்கிறார்கள்.

மகளிடமிருந்தும் ஒன்றும் இல்லை. இரண்டு முறை தொலைபேசியை எடுத்து, வைத்துவிட்டேன். ஐயா எடுத்தால் என்ன பேசுவது?

காற்று நின்றுவிட்டது என்று இங்கே காட்டுகிறது. அங்கேயும் நின்றுவிட்டதா?

உங்கள் சம்பந்தி


ஆய்வுக் கூடம்,
ஆகஸ்ட் 27

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

எல்லோரும் உடம்பு சரியாக இருக்கிறீர்களா என்று மட்டும் ஒரு வரி போடுங்கள். வேறெதுவும் எழுத வேண்டாம்.

உங்கள் சம்பந்தி


மீன் பண்ணை,
செப்டம்பர் 3

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

எல்லோருக்கும் உடம்பு சரியாக இருக்கிறது. உங்களுடைய மூன்று கடிதமும் வந்தன. ஒவ்வொரு முறை எழுத உட்கார்ந்தபோதும் கோபம் வந்தது. உங்கள் பேரில்தான், பொய் சொல்வானேன். இப்போது ஆறிவிட்டது, எழுதுகிறேன்.

உங்கள் ஜூலைக் கடிதம் வந்த அன்று நான் அதை யாரிடமும் காட்டவில்லை. இது ஜோசியர் வாக்கு என்று சொன்னால் இவர் ஒரு கூண்டைக்கூட அசைக்க மாட்டார். அதனால் எனக்கே ஒரு ஆசை வந்ததாகச் சொன்னேன். "எனக்கு வயசாச்சு. ஜன்னல்ல நின்னா கூண்டு கண்ணுக்குத் தெரியணும். எல்லாத்தையும் கிட்டக் கொண்டுவந்து கட்டுங்க" என்றேன். "பைத்தியமா உனக்கு?" என்றார். ஆமாம் என்றேன். பிறகு பேச்சை நிறுத்திவிட்டேன். முப்பது வருடம் பேசிக் கிடைக்காதது இரண்டு நாள் பேசாமல் இருந்ததில் கிடைத்தது.

பத்துக் கூண்டையும் இழுத்தார்கள். உங்களுக்குத் தெரியும், நடை பழகுகிற குழந்தையைவிட மெதுவாகப் போக வேண்டும், இல்லையென்றால் மீன் வலையோடு நசுங்கும். நாலைந்து நாளாயிற்று. உங்கள் மகளின் கூண்டு ஒன்று பாறையில் உரசிக் கிழிந்து, பாதி மீன் போய்விட்டது. மிச்சம் கரையோரச் சூட்டில் தீவனத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். காற்று நின்றது. ஒன்றும் வரவில்லை. மறுபடி எல்லாவற்றையும் ஆழத்துக்கே இழுத்தார்கள்.

இப்போது எனக்கு இந்த வீட்டில் பெயர் ஜன்னல் மகாராணி. சந்தையிலும் அதே பெயர். இவர் யாரைப் பார்த்தாலும் சொல்லிவிடுகிறார். அது போகட்டும். உங்கள் மகள்தான் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டே சொன்னாள்: "அத்தை, உங்க ஜன்னலுக்காக எங்க மீனு பட்டினி கிடக்குது. நாங்க தனியாப் போட்டது உங்களுக்குப் பிடிக்கலைன்னா நேராவே சொல்லியிருக்கலாம்." அதற்குப் பிறகு பத்து நாள் என்னோடு பேசவில்லை.

உங்கள் பெயரை நான் எடுக்கவில்லை. என்மேல் கோபம் என்றால், ஒரே வீடு, ஒரே அடுப்பு, என்றைக்காவது ஆறிவிடும். உங்கள்மேல் என்றால் அவள் யாரிடம் போய் நிற்பாள்?

தேநீர் எப்படி இருக்கிறது என்று நான் இனி கேட்க மாட்டேன். நிஜமாகவே கேட்க மாட்டேன். களைத்துவிட்டது.

உங்கள் சம்பந்தி


ஆய்வுக் கூடம்,
செப்டம்பர் 9

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நலம் விசாரிக்கிற தகுதிகூட எனக்கு இல்லை. இருந்தாலும் விசாரிக்கிறேன். முழங்கால் எப்படி? கூண்டு இழுத்த நாட்களில் படகுத்துறையில் நின்றுகொண்டே இருந்திருப்பீர்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பதிலுக்கு நான் எழுதுவதெல்லாம் அசட்டுத்தனமாக இருக்கிறது, கிழித்துப் போட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். என் மகளை என்னைவிட நீங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமை.

கேட்க மாட்டேன் என்றீர்கள். நீங்கள் கேட்காமலே சொல்கிறேன், ஏனென்றால் நேற்றுத்தான் கப்பலிலிருந்து இறங்கினேன். ஆகஸ்டில் காற்று நாலு நாள் தொடர்ந்து வீசாமல் விட்டு விட்டு அடித்து நின்றதால் அந்தத் தண்ணீர் உள்ளே வரவில்லை. ஆனால் திரும்பியும் போகவில்லை. வளைகுடாவின் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது. போன முறை ஐம்பது மீட்டருக்குக் கீழே இருந்தது, இப்போது முப்பதிலேயே புட்டி வெள்ளை. அந்தக் காற்று அடிக்கிற பருவம் முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இந்த முறை எழுபத்தைந்து சதவீதம்.

மறுபடியும் கூண்டை இழுங்கள் என்று சொல்கிற தைரியம் எனக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. தைரியம் இல்லை இது. சொல்லாமல் இருந்து பார்த்தேன், தூக்கம் வரவில்லை.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இந்த முறை ஜன்னல் வேண்டாம். இந்தக் கடிதத்தை ஐயாவிடம் கொடுங்கள், மகளிடமும் கொடுங்கள். திட்டு விழுந்தால் என்மேலேயே விழட்டும். எனக்கு அகலமான முதுகு, எப்படியும் வலிக்கிற முதுகு.

உங்கள் சம்பந்தி


மீன் பண்ணை,
செப்டம்பர் 13

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். இவ்விடம் யாவரும் நலம். தங்கள் நலமும் தங்கள் வீட்டுக்காரர் நலமும் அறிய விருப்பம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கடைசியாக எழுதியது மின்வாரியத்துக்கு.

தங்கள் கடிதத்தை என் மனைவி என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். படித்தேன். எனக்கு ஆச்சரியமில்லை. ஜன்னல் கதையை நான் அப்போதே நம்பவில்லை. முப்பது வருடத்தில் இவளுக்குத் தோன்றியதெல்லாம் எனக்கு எதிராகத் தோன்றியதுதான். மீனுக்கு ஆதரவாக எதுவும் தோன்றியதில்லை. யார் சொல்லி இவள் ஆடுகிறாள் என்று தெரிந்தேதான் இழுத்தேன். தெரிந்தது என்று ஒத்துக்கொண்டால் போன வருடத்தைப் பற்றிப் பேச வேண்டி வரும், அதனால் மகாராணி என்று சிரித்துவிட்டேன்.

மருமகளும் கடிதத்தைப் படித்தாள். படித்துவிட்டு அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுப்பில் எதுவோ தீய்ந்தது, இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.

விஷயம் இதுதான். எழுபத்தைந்து, அறுபது என்பதெல்லாம் எனக்குப் புரியவில்லை. மழைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். மறுபடி இழுத்து மறுபடி ஒன்றும் வராவிட்டால் இந்த வருடத்து மீன் எடைக்கு வராது. பிள்ளைகள் அடுத்த வருடம் கூண்டு போட மாட்டார்கள். இழுக்காமல் அது வந்துவிட்டாலும் போட மாட்டார்கள். ஆகவே சதவீதம் வேண்டாம். அந்த நான்கு கூண்டும் உங்களுடையதாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அதை மட்டும் சொல்லவும்.

கடிதத்தில் வேண்டாம், நாளாகிவிடும். தொலைபேசியில் கூப்பிடவும். நான்தான் எடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி


மீன் பண்ணை,
செப்டம்பர் 28

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உயிரோடு இருக்கிறோம். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், விரல் மடங்கவில்லை.

உங்கள் போன் வந்தபோது நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். இவர், "சொல்லுங்க" என்றார். அப்புறம் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். நீங்கள் அழுகிறீர்களோ என்று நினைத்தேன். பிறகு இவர், "சரி. இவ்வளவுதானே, இழுத்துடறோம்" என்று வைத்துவிட்டார். என்ன சொன்னாங்க என்று கேட்டதற்கு, "என்னுதா இருந்தா இழுப்பேன், அது வராமப் போனாலும் இழுத்ததுக்கு வருத்தப்பட மாட்டேன்னாங்க. இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல? எதுக்கு அறுபது எழுபதுன்னு பயமுறுத்தறாங்க?" என்றார்.

மறுநாள் விடியவே படகுத்துறையில் நின்றோம். காற்று ஏற்கெனவே முதுகில் அடிக்கத் தொடங்கிவிட்டது. இழுவைப் படகு ஒன்றுதான், ஒரு தடவைக்கு ஒரு கூண்டு. "அப்பா, முதல்ல நம்ம கூண்டுதானே?" என்றான் மகன். எங்களுடையது கிட்டே, அவர்களுடையது தூரத்தில். இவர், "மருமக கூண்டு நாலும் முதல்ல" என்றார். மருமகள், "மாமா, அது ரொம்ப நேரமாகுமே" என்றாள். "தூரத்துல இருக்கறதைத்தான் முதல்ல எடுக்கணும். தொழில் கத்துக்க வந்துட்டு எதிர்ப் பேச்சு என்ன?" என்று எரிந்து விழுந்தார். தூரத்தில் உள்ளதை முதலில் எடுக்க வேண்டும் என்று தொழிலில் ஒரு விதியும் கிடையாது, சம்பந்தியம்மா. கிட்டே இருந்த ஆறை முதலில் இழுத்திருந்தால் அந்த நேரத்தில் ஆறும் தப்பித்திருக்கும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன்.

நான்கும் வந்து சேர்ந்தன. எங்களுடையதில் மூன்று வந்தன. ஐந்தாம் நாள் காலையில் படகுத்துறைத் தூண்களில் நண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. தண்ணீரை விட்டு வெளியே வந்து, வெயிலில், அசையாமல். விலாங்குகள் தலையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு கிடந்தன. அவ்வளவு அமைதியாக இருந்தது. நான் ஏதோ பெரிய சத்தமாக வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்ன மாதிரியேதான் வந்தது, களைத்துப்போய்.

எங்களுடையதில் இழுக்க முடியாமல் விட்ட மூன்று கூண்டும் போய்விட்டன. எதிர்க்கரையில் இரண்டு பண்ணைகளில் ஒன்றுமே மிஞ்சவில்லை. உங்கள் பேச்சு பலித்தது என்று இங்கே யாரும் கொண்டாடவில்லை. நீங்களும் கொண்டாட மாட்டீர்கள் என்று தெரியும். கரையோரம் கட்டிய ஏழும் மேலே வந்து வந்து வாயைத் திறந்துகொண்டு இரண்டு நாள் தவித்தன. பிறகு காற்று திரும்பியது. நேற்று சாயங்காலம் உங்கள் மகள் ஒரு கை தீவனம் போட்டாள். தின்றன. அவள் அதட்டவில்லை. அப்படியே படகில் பூட்ஸோடு படுத்துத் தூங்கிவிட்டாள். மகன் தூக்கிக்கொண்டு வந்தான்.

இவருக்கு ஒரு பெரிய சந்தேகம். "எழுபத்தஞ்சுன்னு சொன்னாங்க. பத்துல ஏழு தப்பிச்சிருக்கு. அஞ்சு சதவீதம்தான் பிசகு. எப்படி அவ்வளவு கிட்டத்துல சொன்னாங்க?" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் வியக்கிறார். அந்தக் கணக்கு இது இல்லை என்று விளக்க எனக்குத் தெம்பில்லை.

செத்த மீனை இன்னும் அள்ளி முடியவில்லை. அடியில் கிடப்பது ஊறி மேலே வரத் தொடங்கிவிட்டது. அழுகினால் மிச்சம் உள்ளதும் போகும் என்று நீங்களே எப்போதோ சொல்லியிருக்கிறீர்கள். ஆள் போதவில்லை. கூலிக்குக் கூப்பிட்டால் நாற்றத்துக்குப் பயந்து யாரும் வருவதில்லை. வீட்டில் நான்கு பேர்தான், அதில் ஒருத்தருக்கு இரண்டு முழங்காலும் கிடையாது.

கப்பல் இல்லாத வாரம் இது என்று மகள் சொன்னாள். கிளம்பி வாருங்கள். வீட்டுக்காரரையும் கூட்டி வாருங்கள், சதுரங்கத்தை அங்கேயே வைத்துவிட்டு வரட்டும். முழங்கை வரைக்கும் வருகிற ரப்பர் கையுறை ஆறு ஜோடி வாங்கி வாருங்கள், இங்கே கடையில் தீர்ந்துவிட்டது. இவருக்குப் பெரிய அளவு.

உங்கள் சம்பந்தி